கைகட்டி நின்ற நாற்பது பேர்

பேரன்பருக்கு மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பட்டங்கள். அவற்றை ஒன்றுவிடாமல் படிக்கிறேன் என்று மேடை ஏறிய ஒரே ஆள் நான்தான். நாற்பத்தொன்றாவது பட்டத்தைத் தாண்ட முடியவில்லை என்பது வேறு விஷயம்.

என் பெயர் தில்லைநாயகி. அப்போது பதினேழு வயது. ஊர் அலைமேடு. கடல் பழைய ஊர்களை விழுங்கிய பிறகு மேட்டு நிலத்தில் ஆறு கட்டடங்களைக் கட்டி, அதற்கு மாநகரம் என்று பெயர் வைத்தார்கள். பதினைந்து வயதுக்கு மேலே எண்ணினால் நாலாயிரம் பேர் தேறும். இந்த நாலாயிரம் பேரைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றியவர் பேரன்பர் என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்லும். எங்களைக் காப்பாற்றியது மேடு. அவர் பிறப்பதற்கு முன்பே அது அங்கேதான் இருந்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அப்படித்தான் அவர் எங்களுக்குத் தலைவரானார்.

எங்கள் எல்லோருடைய இடது மணிக்கட்டிலும் ஒரு காப்பு இருக்கும். பதினைந்து முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். நமக்குப் பேரன்பர் மேல் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று அளப்பது அதன் வேலை. மாதம் ஒருமுறை நன்றித் திருநாள். நாலாயிரம் பேரும் திடலில் கூடி அவரைப் பார்த்துக் கைதட்ட வேண்டும். காப்பு ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். மேடைக்கு மேலே பெரிய திரையில் ஊரின் சராசரி ஓடும். விழா முடிந்ததும் கடைசிப் பத்துப் பேரின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். வெளியே வண்டி நிற்கும்.

முதல் தடவை என்றால் பத்து நாள் பயிற்சி. இரண்டாம் தடவை முப்பது நாள். மூன்றாம் தடவை என்றால் ‘நிலைநிறுத்தம்’. காதுக்குப் பின்னால் ஓர் ஊசி போட்டு உள்ளே ஏதோ சின்னதாக வைப்பார்கள். அதன் பிறகு அந்த ஆளுக்கு ஆயுள் முழுக்க மரியாதை குறையாது. எட்டாவது மாடி சவரிமுத்து ஒரு காலத்தில் பேருந்து ஓட்டியவர். நிலைநிறுத்தம் முடிந்து வந்தபின் கரண்டி கீழே விழுந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார். சொந்தப் பேரக்குழந்தையைத் தூக்கக் கை வரவில்லை. மாதாமாதம் தொண்ணூற்றொன்பது எடுத்துப் பதக்கம் மட்டும் வாங்குகிறார்.

என் அண்ணன் வீரபாகு இரண்டு தடவை போய் வந்துவிட்டான். அதுதான் என் பிரச்சினை. ஊர், சுதந்திரம், புரட்சி எதுவும் அப்போது என் மண்டையில் இல்லை.

பாகு அண்ணனுக்கு இருபத்து மூன்று வயது. லிஃப்ட் மெக்கானிக். அம்மாவும் அப்பாவும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் போன பிறகு அவன்தான் என்னை வளர்த்தான். நாற்பது மாடிக் குழிக்குள் ஒற்றைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடுகிற ஆள். கொடுமை என்னவென்றால், அவனுக்குப் பேரன்பர் மேல் உண்மையாகவே மரியாதை உண்டு. காய்ச்சல் நேரத்தில் அவர் எங்கள் கட்டடத்துக்கு வந்து இவன் தலையில் கை வைத்து “படிப்பியா?” என்று கேட்டாராம். அதை இன்றைக்கும் சொல்லுவான். இவனுக்குக் காப்பு போடும் மதிப்பெண் முப்பத்தொன்று. போன வருடம்வரை திருநாளன்று லிஃப்ட் வேலை என்று விட்டுவிட்டார்கள், திடலுக்கு வந்த இரண்டு தடவையும் முப்பத்தொன்று.

எனக்கு அந்த ஆள் மேல் துளி மரியாதை கிடையாது. என் மதிப்பெண் தொண்ணூற்று நான்கு.

இந்த அநியாயத்தை ஜெபமணி அக்காவிடம் போய்க் கேட்டேன். மேடைக்குக் கீழே இருக்கும் அளவை அறையில் இருபது வருடமாக இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். பேன் பார்க்கிற பொறுமையோடு கம்பிகளைப் பார்ப்பார். யாரையும் மதிக்க மாட்டார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

“உங்க அண்ணனுக்கு மரியாதை இல்லன்னு எவன் சொன்னான்?” என்றார். “இந்தக் காப்பு பாக்குறது மூணே மூணுதான். நாடி எவ்வளவு வேகமா அடிக்குது, கை எவ்வளவு வேர்க்குது, விரல் எவ்வளவு நடுங்குது. அவ்வளவுதான் இதுக்குத் தெரியும்.”

“அது பயம் இல்லியாக்கா?”

“பயம்தான்.”

“அப்ப மரியாதை?”

அக்கா கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“மிஷினு செஞ்சப்ப, மரியாதைன்னா இதுதான்னு அதுக்கு ஒரு மாதிரி காட்டணும் இல்ல? தராசுக்குப் படிக்கல்லு கணக்கா. யாரக் காட்டுறதுன்னு பேச்சு வந்துச்சு. பேரன்பர் முன்னாடி தெனமும் கைகட்டி நிக்கிற அதிகாரிங்க நாப்பது பேரு இருக்காங்களே, அவங்களையே கூப்ட்டாங்க. அவர் முன்னாடி நிக்க வெச்சு, காப்பு மாட்டி, என்ன அளவு வந்துச்சோ அதுதான் நூறுன்னு வெச்சுட்டாங்க. எங்களவிட மரியாதையான ஆளு யாரு இருக்கான்னு அவங்களுக்கு ஒரே பெருமை.”

“நீங்க சொல்லலாமில்ல, அது பயம்னு?”

“யார்கிட்ட சொல்ல? அந்த நாப்பது பேர்கிட்டயா?”

எனக்குக் கூட்டத்தைப் பார்த்தாலே உள்ளங்கை ஊறிப்போகும். பள்ளியில் செய்யுள் ஒப்பிக்கும்போதும் அப்படித்தான். என் தொண்ணூற்று நான்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. அண்ணனின் முப்பத்தொன்றும் புரிந்துவிட்டது. கயிற்றில் தொங்கிப் பழகியவனுக்கு ஒரு கிழவரைப் பார்த்து ஏன் கை நடுங்க வேண்டும்?

அடுத்த நன்றித் திருநாளுக்கு இருபது நாள் இருந்தது. அண்ணனுக்குப் பயப்படக் கற்றுக்கொடுக்க முடிவு செய்தேன். கதவுக்குப் பின்னால் ஒளிந்து கத்தினேன். அவன் சாப்பிடும்போது பின்னால் நின்று தட்டுகளைக் கீழே போட்டேன். “என்னடி, தீபாவளியா?” என்று கேட்டுவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டான். நாற்பது மாடியும் படியில் ஓடி ஏறச் சொன்னேன், நெஞ்சாவது படபடக்கட்டும் என்று. ஏறினான். மேலே போய் ஒரு நிமிடம் நின்றான், நாடி பழையபடி ஆகிவிட்டது. பாழாய்ப்போன உடம்பு.

கடைசியில் நேராகவே கெஞ்சினேன்.

“அண்ணா, கொஞ்சம் பயப்படுண்ணா.”

“யாருக்கு?”

“பேரன்பருக்கு.”

“அவர் என்னடி பண்ணுவார்? நல்ல மனுஷன்.” சற்று யோசித்துவிட்டுச் சொன்னான். “எனக்குத்தான் மரியாதை பத்தல போல தில்லை. மிஷின் பொய் சொல்லாது இல்ல? இந்த மாசம் இன்னும் நல்லா மனசு வெச்சுத் தட்டுறேன்.”

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊரிலேயே அந்த ஆளை உண்மையாக மதிக்கிறவன் ஒருவன்தான், அவனைத்தான் மரியாதை இல்லை என்று ஊசி போடப் போகிறார்கள். ஊசி போட்ட பிறகு அவன் கயிற்றில் ஏறுவானா? ஏறினால் நடுவழியில் கை உதறி விழுவான். ஏறாவிட்டால் சவரிமுத்து மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அந்த வாரம்தான் விழாக்குழுச் செயலர் தணிகாசலம் எங்கள் வகுப்புக்கு வந்தார். நாற்பது பேரில் அவரும் ஒருவர். பேசும்போதும் கை கட்டியே இருக்கும், மூக்கு அரித்தால்கூட அவிழ்க்க மாட்டார். தொண்ணூற்று நான்கு எடுக்கும் மாணவி என்பதால் இந்த மாத நன்றியுரை என்னுடையது என்று அறிவித்தார். மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

நன்றியுரைக்கு ஒரு முறை உண்டு. பேரன்பரின் பட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும், அது ஏன் கொடுக்கப்பட்டது என்று பதிவேட்டில் உள்ளபடி காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் எழுந்து கும்பிடுவார். கூட்டம் கைதட்டும். திரையில் சராசரி தொண்ணூறைத் தொட்ட பிறகுதான் அவர் உட்காருவார். தம் கண்ணால் தொண்ணூறைப் பார்க்காமல் அமர்வதில்லை என்று அவரே போட்ட விதி அது. அவர் உட்காரும்வரை யாரும் பக்கத்தில் போகக் கூடாது. வழக்கமாக மூன்று பட்டங்கள் சொல்லி, ‘இன்னும் எண்ணற்ற பட்டங்களுக்கு உரியவர்’ என்று முடித்துவிடுவார்கள். மூன்றோடு நிறுத்த வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நூலகத்தில் போய்ப் பட்டங்களின் பதிவேட்டைக் கேட்டேன். அதுவரை யாரும் திறந்ததே இல்லை, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. தரையில் உட்கார்ந்து படித்தேன். படித்துப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது உள்ளங்கை காய்ந்திருந்தது.

மறுநாளே ஜெபமணி அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“சிரிச்சா பயம் போயிடுதுக்கா. நாலாயிரம் பேரும் சிரிச்சா எல்லார் மதிப்பெண்ணும் இறங்கும். அண்ணன் முப்பத்தொண்ணுலயே நிப்பான். கடைசிப் பத்துல வர மாட்டான்.”

“கடைசிப் பத்து இல்லாத வரிசை உண்டாடி? உங்கண்ணனுக்குப் பதிலா வேற எவனோ வண்டி ஏறுவான்.”

“அவங்களுக்கு அது முதல் தடவையா இருக்கும். பத்து நாள்தான். நானும் அதுல ஒருத்தியா இருப்பேன்.”

“மத்த ஒம்பது பேர்கிட்ட கேட்டியா?”

கேட்கவில்லை. கேட்க முடியாது என்றும் தெரியும். என் அண்ணனுக்காக ஒன்பது பேரின் பத்து நாளை நானே எடுத்துக்கொண்டேன். வீரம் என்று பிறகு ஊரில் சிலர் சொன்னார்கள். அதில் பாதி திருட்டு.

திருநாள் அன்று காலை பத்து மணிக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. மேடையில் பேரன்பர் நடுவில் அமர்ந்திருந்தார். கிட்டத்தில் பார்த்தால் ஒரு சாதாரணத் தாத்தா, சாயம் பூசிய மீசை. பின்னால் நாற்பது பேரும் கைகட்டி நின்றார்கள். திடலில் மூன்றாவது வரிசையில் பாகு அண்ணன் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். மைக் முன்னால் போய் நின்றேன். என் காப்பு தொண்ணூற்றாறு காட்டியது.

முதல் பத்துப் பட்டங்கள் ஒழுங்காகப் போயின. நான் படிப்பேன், அவர் எழுவார், கூட்டம் தட்டும், திரையில் தொண்ணூற்றொன்று, அவர் உட்காருவார். நாலாவது பட்டத்திலேயே தணிகாசலம் புருவத்தைத் தூக்கினார். பன்னிரண்டாவதில் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

“போதும்மா. சுருக்கமா முடி.”

நான் மைக்கிலேயே கேட்டேன். “செயலர் ஐயா பேரன்பரின் பட்டங்களைச் சுருக்கச் சொல்கிறார். எதை விடலாம் ஐயா?”

தணிகாசலத்தின் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, இல்லம்மா. எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணுகூட விடாத.”

அதற்குப் பிறகு என்னை நிறுத்த அந்த மேடையில் ஆளில்லை.

“பத்தொன்பதாவது பட்டம். வெள்ளம் வென்ற வேந்தர். முழங்கால் அளவு நீரில் நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டமைக்காக.”

எழுந்தார், கும்பிட்டார். திரை எண்பத்தொன்பதில் கொஞ்சம் தயங்கி, பிறகு தொண்ணூறைத் தொட்டதும் உட்கார்ந்தார்.

“இருபத்தேழாவது பட்டம். மழை நிறுத்திய மாமணி. அன்னார் உரையாற்றத் தொடங்கியதும் மழை நின்றமைக்காக. பதிவேட்டுக் குறிப்பு: அன்னார் உரையை முடிக்கும் முன் மழை மீண்டும் பெய்தது.”

எங்கோ ஒரு இருமல் கேட்டது. இருமல் இல்லை அது. திரையில் எண்பத்து நான்கு. பேரன்பர் நின்றபடியே திரையை அண்ணாந்து பார்த்தார். கூட்டம் பயந்துபோய் மறுபடி வேகமாகத் தட்டியது. தொண்ணூறு வர மூன்று நிமிடம் ஆனது.

“நாற்பத்தொன்றாவது பட்டம். மீனுக்கும் அமுதளித்த வள்ளல். முதல் கடற்பயணத்தின்போது, தாம் உண்ட காலைச் சிற்றுண்டி முழுவதையும் படகின் விளிம்பில் நின்று கடலுக்கே திருப்பி வழங்கியமைக்காக.”

பேரன்பர் எழுந்து கும்பிட்டார். திடலில் சத்தமில்லை. யாரும் முகத்தை நிமிர்த்தவில்லை. அந்த அமைதியில் மூன்றாவது வரிசையிலிருந்து என் அண்ணன், நிஜமான அக்கறையோடு, ஊருக்கே கேட்கும்படி கேட்டான்.

“ஐயோ பாவம், வாந்தியா?”

அவ்வளவுதான். முதலில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர் குனிந்தார், தோள் குலுங்கியது. பிறகு வரிசை வரிசையாகச் சரிந்தது. இருபது வருடம் அடக்கி வைத்த சிரிப்பு. காவலர்கள் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்கள். திரையில் அறுபத்திரண்டு, நாற்பது, இருபத்தெட்டு. நானும் சிரித்தேன். என் காப்பு ஆறு காட்டியது, என் வாழ்நாளில் நான் வாங்கிய மிக நல்ல மதிப்பெண்.

பேரன்பர் நின்றார். தொண்ணூறு வராமல் உட்கார முடியாதே. சிரிப்பு பத்து நிமிடத்தில் ஓய்ந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் தட்டவில்லை. நாலாயிரம் பேர் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரை மணி நேரம். ஒரு மணி நேரம். மீசைச் சாயம் வேர்வையில் கரைந்து வாயோரம் இறங்கியது. கால் தள்ளாடியது. பின்னால் நின்ற நாற்பது பேரில் ஒருவருக்காவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லை. தோன்றியிருக்கலாம், கையை அவிழ்க்கத் துணிவில்லை. குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள் என்பார்கள். இரண்டு வகையும் ஒரே மேடையில் வேர்த்துக்கொண்டு நின்றன.

அப்போது பாகு அண்ணன் வரிசையை விட்டு வெளியே வந்தான். நேராக மேடை ஏறினான். நாற்காலியை இழுத்து அவர் முழங்காலுக்குப் பின்னால் போட்டான். “உக்காருங்க ஐயா. இதுக்கெல்லாம் போயி நின்னுக்கிட்டு” என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தான். அவர் அண்ணனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதில் ஏதோ சொன்னார். கீழே அறையில் ஜெபமணி அக்கா விழா முடிந்தது என்று பொத்தானை அழுத்திவிட்டார்.

பட்டியல் வந்தது. கடைசிப் பத்தில் என் பெயர்தான் முதலில். அண்ணன் பெயர் அதில் இல்லை. ஊர் முழுக்க முப்பதுக்குக் கீழே போய்விட்டதால், அன்றைய முதல் மதிப்பெண் வீரபாகுவுடையது. முப்பத்தொன்று. சவரிமுத்துவுக்கும் நிலைநிறுத்தம் ஆன மற்ற ஆறு பேருக்கும் எப்போதும் தனிப் பட்டியல், அது கணக்கில் சேராது.

பயிற்சி மையம் ஒன்றும் பெரிதில்லை. தினமும் எட்டு மணி நேரம் பேரன்பரின் படத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். திடீர் திடீரென்று காது கிழிய மணி அடிக்கும். முதல் இரண்டு நாள் துள்ளினோம். மூன்றாம் நாள் எங்களில் ஒருவர் படத்தைப் பார்த்து “சாப்ட்டது செரிச்சுதா ஐயா?” என்று கேட்டார். மணி அடித்தவரும் சிரித்துவிட்டார். மற்ற ஒன்பது பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். எட்டுப் பேர் விடு என்றார்கள். ஒருத்தி கடைசிவரை என்னோடு பேசவில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவள்.

பத்து நாள் கழித்து வந்தபோது ஜெபமணி அக்கா எனக்காக வாசலிலேயே காத்திருந்தார். முகமெல்லாம் பல்.

“மிஷினு கெட்டுப்போச்சுன்னு பேரன்பர் குதிச்சார்டி. புது மாதிரி வெச்சுத் திருத்துங்கன்னுட்டார். உண்மையான மரியாதை யார்கிட்ட இருக்குன்னு கேட்டார். பட்டியல்ல முதல்ல இருக்கிறவன்கிட்டன்னு தணிகாசலம் சொன்னாரு. உங்கண்ணனக் கூட்டிட்டு வந்து ஒரு மணி நேரம் அவர் முன்னாடி நிக்க வெச்சு அளவெடுத்தோம். இப்ப அதுதான் நூறு.”

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

“அப்படின்னா இனிமே பயந்தா மதிப்பெண் குறையுமா?”

“பயந்தா கடைசிப் பத்து. அரசாணையே வந்தாச்சு.”

“யாருக்குமே தோணலியாக்கா?”

“தோணியிருக்கும். யாரு சொல்லுவா?”

இன்னோர் உத்தரவும் போட்டிருந்தார் பேரன்பர். தம் பக்கத்திலேயே துரோகி இருக்கக் கூடும் என்று, மேடையில் இருக்கும் எல்லோருக்கும் காப்பு மாட்டச் சொன்னார். எல்லோருக்கும் என்றால் அவருக்குமா என்று நாற்பது பேரில் ஒருவராவது கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்பது அவமரியாதை ஆகிவிடுமே. பூப்போட்ட தங்கக் காப்பு ஒன்று செய்து, தட்டில் வைத்து, கும்பிட்டு அவர் கையிலும் மாட்டிவிட்டார்கள். அவரும் அது பரிசு என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த திருநாள் வந்தது. ஒரு தடவை சிரித்த கூட்டத்தால் மறுபடி பழையபடி நடுங்க முடியவில்லை. எல்லோரும் கையைத் தொங்கப்போட்டு நின்றார்கள். மெதுவாக, பெயருக்குத் தட்டினார்கள். திரையில் தொண்ணூற்றேழு. அலைமேடு அதுவரை பார்க்காத சராசரி. அதைப் பார்த்துப் பேரன்பரின் கண் கலங்கியது. விரல் நடுங்கியது.

கடைசிப் பத்தை வாசித்தார்கள். ஒன்பது பேர் மேடையில் கைகட்டி நின்றவர்கள், தணிகாசலம் உட்பட. பத்தாவது, மூன்றே மதிப்பெண்ணோடு, பேரன்பர்.

யாரும் கத்தவில்லை, யாரும் மேடை மேல் ஏறவில்லை. காவலர் ஒருவர் போய் வண்டிக் கதவைத் திறந்தார். பேரன்பர் அதிகாரிகளைப் பார்த்தார், அவர்கள் ஏதாவது சொல்லுவார்கள் என்று. அவர்கள் அவரைப் பார்த்தார்கள், அவர் ஏதாவது சொல்லுவார் என்று. கொஞ்ச நேரம் இப்படியே போனது. பிறகு தணிகாசலம் இறங்கி நடந்தார், மற்றவர்களும் நடந்தார்கள், பின்னாலேயே அவரும் போய் ஏறிக்கொண்டார். இத்தனை வருடம் எங்களை ஆண்டது இவர்கள்தானா என்று வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மூன்றாம் கட்டடத்து மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் அண்ணன் வேலையாக இருந்தான். நான் குதித்துக்கொண்டு போனேன்.

“எப்படிண்ணா? உன் மரியாதையத்தான் நூறுன்னு வெச்சாங்க. அதுலயே அந்தாள் மாட்டிக்கிட்டார் பாத்தியா?”

அண்ணன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அது மரியாதை இல்ல தில்லை.”

“என்னது?”

“நாற்காலி போட்டு உக்கார வெச்சேன்ல, அப்ப காதுல ஒண்ணு சொன்னார். தண்ணி கேக்கப் போறார்னு நினைச்சேன். ‘சிரிச்சவன் பேரையெல்லாம் எழுதிக்கோ, ஒருத்தனையும் விடாத’ன்னார்.” துணியை மடித்து வைத்தான். “அளவெடுக்கக் கூப்ட்டு அவர் முன்னாடி நிக்க வெச்சப்ப எனக்குள்ள ஒண்ணுமே இல்லடி. கோவம்கூட இல்ல. பழுதான மோட்டாரப் பாக்குற மாதிரி பாத்துட்டு நின்னேன். இதுக்காடா இத்தனை வருஷம்னு இருந்துச்சு.”

காப்புக்கு என்ன தெரியும்? நாடி சீராக இருந்தது, கை வேர்க்கவில்லை, விரல் நடுங்கவில்லை. நூறு போட்டுவிட்டது. அவன் உண்மையாக மதித்த காலத்தில் கொடுத்தது முப்பத்தொன்று. இப்போது அலைமேட்டில் மரியாதை என்று சட்டப்படி நாலாயிரம் பேரிடமும் கேட்பது என் அண்ணனின் அந்த ஒரு மணி நேர அலட்சியத்தை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

“அந்தப் பட்டத்த நீ படிக்காம இருந்திருந்தா?” என்று கேட்டான்.

“உனக்கு ஊசி போட்டிருப்பாங்கண்ணா.”

“தெரியும்.”

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். குழிக்குள் இறங்கினான். பாடவில்லை. விளிம்பில் குனிந்து நான் வெகுநேரம் நின்றேன். அவன் எனக்கு நன்றி சொல்லுவான் என்றுதான் மேலே ஏறி வந்திருந்தேன். அவன் சொல்லவில்லை.